மாடு இறங்கும் தெருவில் ஒரு கைவினைக் கடை

சுவிட்சர்லாந்து மாட்டுக்கு வாழை மரம் என்றால் என்னவென்று தெரியாது என்று நான் நம்பியிருந்தேன். நம்பியதோடு நிற்காமல் அதை இரண்டு பேர் முன்னால், கையில் தேநீர்க் கோப்பையோடு, ஒரு நிபுணரின் தோரணையில் சொல்லியும் விட்டேன். புல்லையும் பனியையும் தவிர வேறொன்றையும் காணாத பிராணி அது, வாழையைக் கண்டால் ஏதோ தந்திக்கம்பம் என்று நினைத்துக்கொண்டு போய்விடும் என்பது என் வாதம். கேட்ட இருவரும் தலையாட்டினார்கள். என் வாழ்க்கையில் நான் சொன்னதற்கு ஆட்கள் தலையாட்டுவது அபூர்வம். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நிபுணர் என்று சொன்னதை விளக்க வேண்டும். நான் இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்தில் பஸ் ஓட்டுகிறவன். சனி ஞாயிறுகளில் என் மனைவி வசந்தியின் கைவினைக் கடைக்குச் சாரதி, கூடாரம் நடுபவன், காற்றடித்தால் கூடாரத்தைத் துரத்திக்கொண்டு ஓடுபவன். வசந்தி பழைய பட்டுச் சேலைகளை வெட்டி மேசைவிளக்குக் கூடுகள், தோள்பைகள், குஷன் உறைகள் தைக்கிறாள். கூறைச் சேலையை வெட்டலாமோ என்று எங்கள் சனம் கேட்கும். அலுமாரிக்குள் மடிப்போடு மடிப்பாக இற்றுப்போவதைவிட யாரோ ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் வெளிச்சமாக எரியட்டுமே என்பாள் அவள்.

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்த புதிதில் கைவினைச் சந்தை என்றால் தேவாலயத்துப் புல்வெளியில் நாலு மேசை. ஒன்றில் ஜாம், ஒன்றில் கேக், ஒன்றில் தேநீர்ப் பாத்திரத்துக்குப் பின்னிய கம்பளித் தொப்பி. நாலாவதில் யாருக்கும் வேண்டாத புத்தகங்கள். வாங்குகிறவர்கள் பொருளுக்காக வாங்குவதில்லை, விற்கிறவரின் முகம் வாடிவிடக் கூடாதே என்று வாங்குவார்கள். இன்றைக்குக் கதை வேறு. ஒரு பண்ணையின் வயல் முழுக்கக் கார்கள். சேற்றில் புதைகிற கார்களை இழுக்க டிராக்டர் தயாராக நிற்கும். உள்ளே போக டிக்கெட். ஒரு கூடாரத்தில் கொல்லர் இரும்பு அடிப்பார், விசாரித்தால் சில வருடங்களுக்கு முன்புவரை வங்கியில் இருந்தவர் என்பார்கள். அடுத்ததில் ஆட்டுப்பால் சவர்க்காரம், செய்கிறவர் வழக்கறிஞர். இன்னொன்றில் சனம் காசு கட்டி மரக்கரண்டி செதுக்கப் பழகும். மாலையில் ஒரு கோணல் கரண்டியோடும் பிளாஸ்டர் ஒட்டிய விரலோடும் பெருமையாக வீட்டுக்குப் போகும்.

ஏன் இப்படிப் பெருகியது என்று பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். என் கருத்து எளிமையானது. கிழமை முழுக்கக் கண்ணாடித் திரையைத் தடவுகிற விரலுக்கு மரத்தையும் கம்பளியையும் தொட ஆசை வருகிறது. கடைத்தெருவில் பாதிக் கடை மூடிக் கிடக்கிறது. அதோடு, ஆங்கிலேயனுக்கு ஞாயிற்றுக்கிழமை நாயைக் கூட்டிக்கொண்டு போக ஓர் இடம் வேண்டும். நாட்டுப்புறக் கண்காட்சிகளில் ஆளுக்கொரு நாய் நிற்கும், சிலரிடம் இரண்டு. எசமானைப் போலவே முகம் உள்ள நாய்க்குப் பரிசு உண்டு. அந்தப் போட்டியில் வெல்கிறவருக்கு நாய்க்காகச் சந்தோசப்படுவதா, தனக்காகக் கவலைப்படுவதா என்று தெரியாது. பெரிய வெங்காயத்துக்கும் பரிசு, நேரான கரட்டுக்கும் பரிசு. ஒருமுறை வசந்தி தேசிக்காய் ஊறுகாயைச் சட்னிப் பிரிவில் வைத்தாள். நடுவர் ஒரு கரண்டி வாயில் போட்டார், சிவந்தார், தண்ணீர் குடித்தார், மறுபடியும் ஒரு கரண்டி எடுத்தார். மூன்றாம் பரிசு.

இந்தப் புகழ் கடல் தாண்டி சுவிட்சர்லாந்தின் துன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. துன்னில் வசந்தியின் தம்பி யோகன் இருக்கிறான். ஏரிக்கரை ஹோட்டலொன்றில் சமையல் வேலை. அவன் மனைவி சுபா முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள், நூறு வீதம், அதாவது முழுநேரம். அந்த நாட்டில் வேலையை வீதத்தில்தான் சொல்வார்கள். சுபா வசந்தியிடம் தொலைபேசியிலேயே தையல் நுணுக்கமெல்லாம் கற்றுக்கொண்டு அறை நிறையத் தைத்து வைத்திருந்தாள். ஆட்களைத் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு போய்விட்டது. அறுபது வீதத்துக்கு இறங்கி மிச்ச நாட்களில் தைக்க விரும்பினாள். யோகனுக்குப் பயம். மூன்று பிள்ளைகள், வீட்டு வாடகை, காப்புறுதி. கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். நிரந்தரமாக ஒரு சந்தையில் இடம் கிடைத்தால் அறுபது. கிடைக்காவிட்டால் நூறு, பேச்சில்லை.

இடம் கொடுக்கக்கூடிய ஆள் ரெகுலா என்ற பெண்மணி. ஏரிக்கு மேலே உள்ள ஒரு மலைக்கிராமத்தின் சந்தைக் குழுத் தலைவி. கோடை முழுக்க உயரத்தில் மேய்ந்த மாடுகள் புரட்டாதி மாதத்தில் தலையில் பூக்கிரீடத்தோடு கிராமத்துக்கு இறங்கும். அன்றைக்கு அங்கே திருவிழா. ரெகுலா விடுமுறைக்கு இங்கிலாந்து போயிருந்தபோது ஒரு நாட்டுப்புறக் கண்காட்சியைப் பார்த்துச் சொக்கிப்போனாராம். அங்கே மாடும் கைவினையும் ஒரே வயலில் நிற்கிறது, எங்களிடம் இரண்டும் இருக்கிறது, ஏன் தனித்தனியாக வைத்திருக்கிறோம் என்று குழுவில் கேட்டாராம். அந்த வருடம் மாடு இறங்கும் நாளோடு சேர்த்து, ஆங்கிலப் பெயரிலேயே, ஒரு ‘கிராஃப்ட் ஷோ’. சுபாவுக்கு ஒரு நாள் பரீட்சார்த்தமாகக் கடை. பிடித்திருந்தால் மார்கழிச் சந்தையிலும் அடுத்தடுத்த வருடங்களிலும் இடம்.

யோகன் தொலைபேசி எடுத்தான். “அத்தான், இங்கிலீஸ் ஸ்டைலில செய்யச் சொல்லுறாங்கள். உங்களை விட்டா எங்களுக்கு ஆர் இருக்கினம்?”

இப்படிக் கேட்டால் எவன் மறுப்பான்?

வியாழக்கிழமை ஜெனீவாவில் இறங்கினேன். என் பெட்டியில் இரண்டு சேர்ட்டும், சேலைத் துண்டுகளில் வசந்தி தைத்த முக்கோணக் கொடிகள் ஒரு பெரிய சுருளும் இருந்தன. இங்கிலாந்தில் இந்தக் கொடிகள் தொங்காத கூடாரம் கூடாரமே அல்ல. சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து கொடியை இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. என் முகத்தைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். ஐ.நா. முன்றலுக்கா, எத்தனை மணிக்கு ஊர்வலம் என்று மரியாதையாகக் கேட்டார். எங்கள் ஈழத்துச் சனம் நீதி கேட்டுக் கொடியோடு அந்தச் சதுக்கத்தில் கூடுவது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இல்லை, இது மாடுகளின் விழாவுக்கு என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை மூடவும் உதவி செய்தார்.

ரயிலில் வணக்கம் சொல்லப் பழகிக்கொண்டு வந்த ஜெர்மன் வார்த்தையைப் பரிசோதகரிடம் சொன்னேன். அவர் பிரெஞ்சில் பதில் சொன்னார். பிரெஞ்சு ஒன்றைத் தேடிப்பிடித்து அடுத்தவருக்குத் தயாராக வைத்திருந்தேன், பேர்ண் வந்துவிட்டது, அவர் ஜெர்மனில் தொடங்கினார். இப்படி நாட்டைக் குறுக்கே கடக்கும்வரை ஒருவருக்கும் சரியான வணக்கம் சொல்ல முடியவில்லை. ஆனால் ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் நேரம் தவறும், மொழி தவறாது.

அன்று இரவு யோகன் ரொஸ்டி செய்தான். உருளைக்கிழங்கைச் சீவித் தட்டையாகப் பொரிப்பது இந்த ஊர்ச் சாப்பாடு. அவன் அதற்குள் செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் பெருஞ்சீரகமும் போடுகிறான். ஹோட்டலில் இப்படிப் போட்டால் வேலை போய்விடும் என்றான். சாப்பிட்டுக்கொண்டே நான் கடைக்கலை பற்றி ஒரு விரிவுரை நடத்தினேன். மேசை ஒரே மட்டத்தில் இருக்கக் கூடாது, படிபடியாக ஏற வேண்டும். கடைக்காரர் உட்காரக் கூடாது. விலையைக் கேட்டால் சிரித்துக்கொண்டு சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், கார் நிறுத்துமிடத்திலிருந்தே கடை கண்ணில் பட வேண்டும்.

சுபாவுக்கு வேறு கவலை. “அண்ணை, புரட்டாதிச் சனியில தொடங்கிறதோ? ஆரும் சனிக்கிழமையில புதுசா ஒண்டு தொடங்குவினமோ?”

எனக்கு அந்த நிமிடத்தில்தான் ஞானம் பிறந்தது. யோகனுக்கு ரயில் பாதையோரம் ஒரு சிறு தோட்டத் துண்டு உண்டு. அங்கே குளிர் தாங்கும் வாழை இரண்டு வைத்திருக்கிறான். குலை போடாத வாழை. மாரியில் அவற்றுக்குக் கம்பளி சுற்றிக் கோணிச்சாக்கு போர்த்திப் பிள்ளைபோல வளர்க்கிறான். கடையின் இரண்டு பக்கமும் வாழை கட்டுவோம் என்றேன். மங்களத்துக்கு மங்களம், சனி தோசத்துக்குப் பரிகாரம், கார் நிறுத்துமிடத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்.

யோகன் எழுந்து தேநீர் ஊற்றி என் கையில் தந்தான். “எப்பிடியும் பனி விழ மேல்பாதி செத்துப்போம்தான்,” என்றான். பிறகு, “அத்தான், மாடு வாற தெரு. திண்டா என்ன செய்யிறது?”

அப்போதுதான் நான் மேலே சொன்ன வாதத்தை முன்வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வாழைகளை வெட்டினோம். யோகனின் கார் பின் ஆசனம்வரை சாமான். வாழை உள்ளே போகவில்லை. கூரையில் கட்டலாமென்றால் ஓலை வெளியே நீட்டுகிறது, பொலிஸ் பிடிக்கும் என்றான். ஆகவே இரண்டு வாழையோடு நான் மஞ்சள் பஸ்ஸில் மலையேறுவதாக முடிவாயிற்று.

பஸ் சாரதி என்னையும் என் தோளுக்குமேல் நிமிர்ந்த இரண்டு வாழைகளையும் நிதானமாகப் பார்த்தார். நாயென்றால் அரை டிக்கெட் என்றார். நாயில்லை என்றேன். சைக்கிளென்றால் அதற்கு ஒரு டிக்கெட் உண்டு என்றார். சைக்கிளுமில்லை. ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, நீளமாக இருக்கிறது, இதைப் பனிச்சறுக்குக் கட்டையாக எடுத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னார். சாரதிக்கு அது நியாயமாகப் பட்டது. பனிச்சறுக்குக் கட்டைக்குக் காசில்லை. வாழைகள் இலவசமாகப் பயணம் செய்தன.

தொழில் ரீதியாக ஒன்று சொல்ல வேண்டும். நான் வருடக்கணக்காக இரட்டைத்தட்டு பஸ் ஓட்டியவன். அந்த மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸின் மூக்கு ஏரிக்கு மேலே வானத்தில் நீட்டிக்கொண்டு நின்றபோது, நான் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தேன். மூன்று சுரத்தில் ஹோர்ன் அடித்துவிட்டு அவர் ஒரு கையால் திருப்பினார். மறு கையில் ஆப்பிள். வாழையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். பார்த்தவர்கள் நான் மரத்தின்மேல் மிகுந்த பாசமுள்ளவன் என்று நினைத்திருப்பார்கள்.

கிராமத்தில் ரெகுலா அளவு நாடாவோடு நின்றார். உயரமான பெண்மணி, குட்டை நரைமுடி, ஒவ்வொரு கடையின் நீள அகலத்தையும் தானே அளந்தார். இங்கிலாந்திலிருந்து ஒரு அனுபவசாலி வருகிறார் என்று சுபா சொல்லியிருந்ததால் தொப்பியும் பைப்புமாக யாரையோ எதிர்பார்த்திருந்தார் போலும். வாழையோடு நான் இறங்கியதும் ஒரு கணம் என் பின்னால் பார்த்தார். பிறகு கைகொடுத்துவிட்டுச் சுபாவுக்கு ஒதுக்கிய இடத்தைக் காட்டினார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், நடுவில் ஒன்று.

என் கண் வேறிடத்தில் இருந்தது. மலைப்பாதை தெருவுக்குள் திரும்புகிற மூலை. இரண்டு பக்கமும் தெரியும் இடம். ஒருவரும் அதை எடுக்கவில்லை. இங்கிலாந்தில் மூலைக் கடைக்குச் சனம் அடிபடும். இவர்களுக்கு வியாபாரம் தெரியவில்லை, பாவம் என்று எண்ணிக்கொண்டு, அதைத் தர முடியுமா என்று கேட்டேன்.

மாடுகள் அந்த வழியாகத்தான் வரும் என்றார் ரெகுலா.

“நல்லதுதானே,” என்றேன். “மாடு பார்க்க வருகிறவர்களும் அந்த வழியாகத்தான் வருவார்கள்.”

அவர் யோசித்தார். இங்கிலாந்தில் அப்படித்தான் செய்வார்களா என்று கேட்டார். அப்படித்தான் என்றேன். உண்மையில் இங்கிலாந்தில் கண்காட்சிக்கு வரும் மாடுகளுக்கு ஷாம்பு போட்டு, வால் முடியைச் சீவி, கட்டையில் கட்டி வைத்திருப்பார்கள். வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர் ஒவ்வொன்றாக வளையத்துக்குள் நடத்திக்கொண்டு போவார். அவை தெருவில் நடப்பதை நான் கண்டதில்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்ல அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை கடை எழும்பியபோது நானே அசந்துவிட்டேன். படிபடியாக விளக்குக் கூடுகள், உள்ளே பல்ப் எரிய அரக்குச் சிவப்பும் மயில் பச்சையும் சரிகையும் பளபளத்தன. மேலே கொடித்தோரணம். இரண்டு பக்கமும் தலைக்குமேல் உயரத்தில் வாழை, பச்சைப்பசேலென்று. மற்றக் கடைகள் எல்லாம் ஒரேமாதிரி மரமேசை, வெள்ளை விரிப்பு. எங்கள் கடை மட்டும் கலியாணவீடு. ரெகுலா வந்து வாழையைக் கையால் ஆட்டிப் பார்த்தார். உறுதியாகக் கட்டியிருக்கிறதா, காற்றில் யார்மேலாவது விழாதா என்பதுதான் அவர் கவலை. யோகன் கட்டிய கட்டு, அசையவில்லை. திருப்தியோடு போனார்.

சனம் வந்தது. தொட்டுப் பார்த்தது. இது என்ன துணி, எந்த நாடு, கழுவலாமா என்று கேட்டது. எங்களுக்குப் பேச்சுத்தமிழ்போல அவர்களுக்கு உள்ள அந்த மலைநாட்டு ஜெர்மனில் சுபா வெட்டி வெட்டிக் கதைத்தாள். முதியோர் இல்லத்தில் கிழவர்களோடு கதைத்துப் பழகியது. ஒரு பையும் இரண்டு உறையும் உடனே போயின. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்காணித்தேன். எதிரே சொசேஜ் வாட்டுகிற மணம். புரட்டாதிச் சனி, நான் மரக்கறி. இதை அந்தச் சனீஸ்வரனே வந்து பார்த்திருந்தாலும் விலக்கு அளித்திருப்பார், அப்படி ஒரு மணம்.

பக்கத்தில் மரக்கிண்ணம் விற்ற பெண் ஒருவர் சிறிது நேரத்தில் கிண்ணங்களையெல்லாம் எடுத்து மேசைக்குக் கீழே அடுக்கினார். மேசையைச் சுவரோடு தள்ளினார். ஒரு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நின்றார். எதிர்ப்பக்கக்காரரும் அப்படியே. எங்கள் கடையின் கவர்ச்சிக்கு முன்னால் நிற்க முடியாமல் கட்டுகிறார்கள் என்று யோகனிடம் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன்.

முதலில் சத்தம்தான் வந்தது. மலையே மணியடிப்பதுபோல. பிறகு காலுக்குக் கீழே தெரு அதிர்ந்தது. வளைவில் முதல் மாடு திரும்பியது. தலையில் ஊசியிலைக் கிளையும் காகிதப்பூவும் டாலியாவும் வைத்துக் கட்டிய கிரீடம், கழுத்தில் குடத்தளவு வெண்கல மணி. அதன் பின்னால் தெரு கொள்ளாமல் மாடுகள். நூறு இருக்கும், யார் எண்ணினார்கள். பக்கத்தில் வேலைப்பாடு செய்த வெல்வெட் மேலங்கி போட்ட ஒரு மனிதர், கையில் தடி, முகத்தில் வருடத்துக்கு ஒருமுறை வரும் பெருமை.

முதல் மாடு எங்கள் கடைக்கு நேரே வந்தது. நின்றது. வாழையைப் பார்த்தது.

தந்திக்கம்பம் என்று நினைக்கும் என்றேன் அல்லவா. அது மூக்கை நீட்டி மோந்தது. நாக்கை வெளியே விட்டு ஓர் இலையைச் சுற்றியது. கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்த மாப்பிள்ளை வீட்டாரைப்போல, அவசரமில்லாமல், உரிமையோடு கடித்தது. மலையில் கோடை முழுக்கப் புல்லைத் தின்ற மாடு. அதன் முகத்தில் தெரிந்தது திகைப்பு அல்ல, இவ்வளவு நாளும் இதை எங்கே ஒளித்து வைத்தீர்கள் என்ற கேள்வி.

முன்மாடு நின்றதும் பின்மாடுகள் எல்லாம் நின்றன. மணிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நூறு மணியும் ஓய்ந்த பிறகு அந்தத் தெருவில் கேட்ட ஒரே சத்தம் வாழையிலை கிழிகிற சத்தம். ஊரே எங்களைப் பார்த்தது. இரண்டாவது மாடு மற்ற வாழைக்கு வந்தது. மூன்றாவதுக்கு வாழை இல்லை, அது தலையைத் திருப்பியபோது அதன் கிரீடத்தில் கொடித்தோரணம் மாட்டிக்கொண்டது.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மேசைக்குக் கீழே போனேன். அங்கே குஷன் உறைப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு நடக்கப்போவதையெல்லாம் முன்கூட்டியே பார்த்துவிட்டேன். மாடு வாழை நஞ்சேறி விழும். சுவிஸ் பத்திரிகையில் என் படம் வரும். சுபாவுக்கு நூறு வீதம் மட்டுமல்ல, நூற்றைம்பது வீதம் வேலை. என்னை ஜெனீவாவுக்கு நடத்திக் கொண்டுபோய் அந்தச் சுங்க அதிகாரியிடம் ஒப்படைப்பார்கள். வசந்திக்குத் தொலைபேசி எடுத்தேன். அவளும் அன்றைக்கு இங்கிலாந்தில் ஒரு வயலில் கடையில் நின்றாள். பின்னால் நாய்கள் குலைத்தன.

“மாடு வாழையைத் தின்னுது,” என்றேன்.

“தின்னட்டும்.”

“இது சுவிஸ் மாடு, வசந்தி.”

“அதுக்கென்ன, சுவிஸ் மாட்டுக்கு வேற வயிறோ? இஞ்சருங்கோ, எனக்குச் சனம் நிக்குது. வையுங்கோ.”

மேசைவிரிப்புக்குக் கீழால் பார்த்தேன். வெல்வெட் மேலங்கிக்காரரின் சப்பாத்து வந்து நின்றது. அவர் குரல் உயர்ந்தது. பிறகு சுபா எனக்குச் சொன்னபடி அவர் கேட்டது இது: இது என்ன செடி, நஞ்சா? சுபாவின் பாதங்கள் ஓர் அங்குலமும் அசையவில்லை. இது வாழை, எங்கள் நாட்டில் மாடுகளுக்கு இதைத்தான் வெட்டிப் போடுவோம், ஒன்றும் செய்யாது என்றாள். அவர் கொஞ்சம் தணிந்தார். ஆனால் மாடு நகரவில்லை. கழுத்தைத் தட்டினார், மணியை ஆட்டினார், பெயர் சொல்லிக் கெஞ்சினார். பெயர் புளோரா. புளோரா எட்டிய இலைகளை முடித்துத் தண்டுக்குப் போயிருந்தாள். முன்மாட்டை அடித்து நகர்த்துவது அவர்களுக்கு மானக்கேடு, அதுவும் ஊர் பார்க்க.

அப்போது யோகன் ஒரு காரியம் செய்தான். கத்தியை எடுத்துத் தன் கட்டைத் தானே அறுத்தான். வாழைத்தண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான். மிச்சமிருந்த உச்சி இலை அவன் முதுகுக்குப் பின்னால் தொங்கியது. புளோரா இலையின் பின்னால் நடந்தாள். புளோராவின் பின்னால் நூறு மாடும் நடந்தன. மணிகள் மறுபடி தொடங்கின.

மேசைக்கு வெளியே தலையை நீட்டினேன். முன்னால் வாழையோடு என் மைத்துனன், சாமி தூக்குகிறவன்போல முகத்தை இறுக்கிக்கொண்டு. அடுத்தது புளோரா, வாயில் இலை. மூன்றாவது மாட்டின் கிரீடத்திலிருந்து வசந்தி தைத்த கொடிச் சுருள் முழுவதும் அவிழ்ந்து மற்ற மாடுகளின் முதுகுக்குமேல் நீண்டு போய்க்கொண்டிருந்தது. இருபக்கமும் நின்ற சனம் கைதட்டியது. சுற்றுலாக்காரர் ஒருவர், இது ஆங்கிலேயக் கைவினைக் கண்காட்சியின் அங்கமா என்று என்னைக் கேட்டார். ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

ரெகுலா மட்டும் கைதட்டவில்லை. தண்ணீர்த் தொட்டியருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கிண்ணக்காரப் பெண்மணி விளக்குமாற்றோடு வந்து எங்கள் கடை முன்னால் கிடந்த சாணியைக் கூட்டினார். பிறகு மேசையைச் சுவரோடு தள்ள எனக்குக் கைகொடுத்தார். பிற்பகல் கடை ஓடியது, காலையைப்போல அல்ல, ஆனால் ஓடியது. எதிரே நெருப்பில் உருகின சீஸை உருளைக்கிழங்கின்மேல் வழித்துக் கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் நான் தின்ற சிறந்த மரக்கறிச் சாப்பாடு அது. பயத்தில் எனக்குப் பசி கூடும். யோகன் திரும்பி வந்தபோது அவன் தோளெல்லாம் வாழைக்கறை, பையில் அந்த மாட்டுக்காரர் கொடுத்த ஒரு துண்டுச் சீஸ்.

“புளோரா எப்பிடி?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் நிக்கிறா. மற்ற வாழை எங்கையெண்டு பாக்கிறா.”

சுபா சிரிக்கவில்லை. கடை கட்டும் நேரத்தில் ரெகுலா குழுவின் மற்ற இருவரோடு வந்தார். நான் ஆங்கிலத்தில் நீண்ட மன்னிப்பு ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தேன், முதல் வசனத்தைத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார். “மாடு தின்னும்,” என்றார். அவ்வளவுதான். பிறகு ஒரு குஷன் உறையை எடுத்து உள்ளே வெளியே புரட்டினார். தையலின் மறுபக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். மற்ற இருவரிடமும் நீட்டினார். அவர்களும் தடவினார்கள். விளக்குக் கூட்டின் உள்விளிம்பைப் பார்த்தார்கள். குழு கூடிப் பேசி நாளைக்கு அறிவிக்கும் என்றார் ரெகுலா, கைகொடுத்துவிட்டுப் போனார்.

“நாளைக்குச் சொல்லுறம் எண்டா இல்லையெண்டுதான் அர்த்தம்,” என்றாள் சுபா காரில். “எங்கட ஆக்கள் பாப்பம் எண்டு சொல்லுறது மாதிரி.”

என் வாழைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்டில் எதுவும் செய்ய முடியாது. பதற்றத்தைப் போக்கக் காருக்குள் கிடந்த இலைச் சருகைத் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்யலாமென்று கீழே போனேன். சுபா மாடியிலிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்து வயரைப் பிடுங்கினாள். ஞாயிறில் இந்தச் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கடிதம் எழுதுவாராம். சலவை இயந்திரம் போடக் கூடாது, கண்ணாடிப் போத்தல் எறியக் கூடாது. கவலைப்படுவதற்கு மட்டும் தடையில்லை. நாங்கள் மூவரும் அதைச் சத்தமில்லாமல் செய்தோம்.

மதியம் மீன் குழம்பும் புட்டும். நான் இரண்டாம் முறை போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சுபா எழுந்து யன்னலருகே போனாள். “யோ, யோ” என்று மட்டும் சொன்னாள், அது அவர்களுடைய ஓம். நீண்ட நேரம் கேட்டாள். முதுகைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. யோகன் புட்டை உருண்டையாக்கி உருண்டையாக்கித் தட்டிலேயே வைத்தான். நான் நாளைக் காலை ரயிலை இன்றைக்கே பிடிக்க முடியுமா என்று மனதுக்குள் நேரம் பார்த்தேன்.

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“தையலுக்கு மூண்டு பேரும் ஓமாம்,” என்றாள். “மார்கழிச் சந்தையிலயும் இடம், வாற வருசமும் இடம். பள்ளிக்கூடத்து முற்றத்தில. பச்சையா ஒண்டும் கட்டக் கூடாதாம்.”

யோகன் ஒரு புட்டு உருண்டையை எடுத்து வாயில் போட்டான். “அப்ப அறுபது,” என்றான்.

“இன்னுமொண்டும் சொன்னவ.” சுபா என் பக்கம் திரும்பினாள், அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. “இங்கிலாந்து ஐயா பார்வையாளரா வந்தா சந்தோசமாம். கடைப்பக்கம் வேண்டாமாம்.”

நடந்தது இவ்வளவுதான். மார்கழியில் பள்ளிக்கூடத்து முற்றத்தில் சுபா கடை போட்டாள், யோகன் கூட நின்றான். நான் லெஸ்டரில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். தை மாதத்திலிருந்து அவள் அறுபது வீதம் வேலைக்குப் போகிறாள்.